நெல்லைப் பக்கத்துப் பீடி லேபிள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருஷமாகப் பீடி லேபிள், தீப்பெட்டி லேபிள், புகையிலைக் கம்பெனிக் காலண்டர் என்று சேர்த்து வருகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். முதல் கேள்வி என் சித்தி கேட்டது: “எல, கீழ கிடக்க பீடித் தாளெல்லாம் பொறுக்கிட்டு வந்து என்னல செய்யப் போற?” மற்றவை அதைவிடக் கொஞ்சம் மரியாதையானவை. ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வெளிநாட்டில் சிகரெட் அட்டை சேர்க்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

சொந்தம்தான், ஆனால் ஒன்றில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் சிகரெட்டைத் தாள் உறையில் போட்டு விற்றார்கள். உறை நசுங்கினால் சிகரெட் ஒடியும். அதற்காக உள்ளே ஒரு அட்டையைச் செருகினார்கள். சும்மா வெள்ளையாக விடுவானேன் என்று அதன் ஒரு பக்கம் படமும், மறுபக்கம் கம்பெனிப் பெயரோடு நாலு வரி விவரமும் அச்சடித்தார்கள். விர்ஜீனியாவின் ஆலன் அண்ட் ஜின்டர் கம்பெனி 1880களில் நடிகைகள், விளையாட்டு வீரர்கள், பறவைகள், நாட்டுக் கொடிகள் என்று வரிசை வரிசையாக வெளியிட்டது. பிரிட்டனில் பிரிஸ்டல் நகரத்து வில்ஸ் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. ஐம்பது படம் கொண்ட வரிசையில் நாற்பத்தொன்பது கிடைத்துவிட்டால், மிச்சம் ஒன்றுக்காகப் பையன்கள் அப்பாவை நச்சரித்து இன்னும் நாலு பாக்கெட் வாங்க வைப்பார்கள். யோசித்தவன் கெட்டிக்காரன். இரண்டாம் உலகப் போரில் காகிதம் தட்டுப்பட்டதும், 1940இல் பிரிட்டனில் அந்தப் பழக்கம் நின்றது.

விலையைக் கேட்டால் தலை சுற்றும். 1909 முதல் 1911 வரை வந்த ஒரு வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் அட்டை ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. என்னிடம் இருக்கிற அத்தனையையும் எடைக்குப் போட்டால் ஒரு நேரம் பரோட்டா சால்னா சாப்பிடலாம்.

அந்த அட்டைகளின் பின்பக்கத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு வருகிறேன்.

நம்ம ஊர்ப் பீடிக்கு ஏன் அட்டை வரவில்லை?

பீடிக்கட்டுக்கு முட்டுக் கொடுக்க அட்டை தேவையில்லை. இருபத்தைந்து பீடியைச் சேர்த்துக் கட்டினால் அதுவே விறைப்பாக நிற்கும். பீடி கூம்பு வடிவம் என்பதால் கட்டும் ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்துத்தான் இருக்கும். அதன்மேல் மெல்லிய தாளைச் சுற்றி மடித்தால் போதும். அந்தத் தாள்தான் லேபிள், அதுதான் விளம்பரம், அதுதான் பாக்கெட்.

வாங்குகிறவர்களும் எல்லா நேரமும் முழுக்கட்டாக வாங்கியதில்லை. பெட்டிக்கடையில் ரெண்டு பீடி, நாலு பீடி என்று சில்லறையாக வாங்கி, கடை ஓரத்தில் தொங்கும் கனன்ற தேங்காய்க் கயிற்றில் பற்றவைத்துப் போனவர்களே அதிகம். அவர்கள் கைக்கு லேபிள் போவதே இல்லை. கடைக்காரர் பிரித்து எறிவார், நாங்கள் பொறுக்குவோம். சிகரெட் அட்டை பையன்களைக் குறி வைத்து அச்சடித்தது. பீடி லேபிள் யாரையும் குறி வைக்காமலே எங்கள் கைக்கு வந்தது.

புகையிலையும் விளையாது, பீடி இலையும் முளையாது. அப்புறம் எப்படித் திருநெல்வேலி பீடிக்குப் பேர்போன ஊர் ஆனது?

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் லேபிளைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும்.

பீடி இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது. தூளுக்கான புகையிலை குஜராத்திலிருந்தும் கர்நாடகத்தின் நிப்பாணிப் பக்கத்திலிருந்தும் வருகிறது. ஆயிரம் மைல் தாண்டி இரண்டும் இங்கே வந்து சேர்ந்ததற்கு ஒரே காரணம், சுற்றுவதற்கு இங்கே கை இருந்தது. குறைந்த கூலிக்குக் கை இருந்தது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

தாமிரபரணிக் கரையில் வயல் பச்சையாக இருக்கும். ஆற்றை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம் பக்கமெல்லாம் மழையையும் கிணற்றையும் நம்பிய பூமி. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் தறி இருந்தது. கைத்தறி நொடித்தபோது குழியில் காலை விட்டு நெய்தவர்களின் வீட்டுப் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டார்கள். பீடிக்கு மிஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம், தனிக் கட்டடம் வேண்டாம். திண்ணை போதும். பெண் வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த வீடுகளுக்கும் அது தோதாக இருந்தது. முக்கூடல், பொட்டல்புதூர், கடையம் என்று ஊர் ஊராகப் பரவியது இப்படித்தான்.

இதோடு சுதேசி அலையும் சேர்ந்துகொண்டது. வ.உ.சி. 1906இல் கப்பல் கம்பெனி தொடங்கிய மண் இது. அன்னியச் சிகரெட்டை விட்டுவிட்டு நம் நாட்டுப் பீடியைப் பிடி என்பது அந்தக் காலத்தில் தேசபக்தியாகவே பட்டது. கைராட்டை, பாரத மாதா படம் போட்ட லேபிள்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், சங்கடமும் வரும்.

அதனால் நான் லேபிளைக் கீழிருந்து மேலே படிப்பேன். மேலே இருக்கும் படம் கம்பெனி சொல்ல விரும்பியது. கீழே பொடி எழுத்தில் இருக்கும் ஊர்ப் பெயர்தான் நடந்தது.

லேபிளில் மீசை வைத்த ஆள் படம் இருக்கிறதே, சாமியா, நடிகரா?

முதலாளி. முட்டை வடிவச் சட்டத்துக்குள் கோட்டும் தலைப்பாகையுமாக, ஸ்டுடியோவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த படம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கடையில் பெயரைச் சொல்லிக் கேட்பார், கையில் வாங்கியதும் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்வார். ஒரு லேபிள் நன்றாக ஓடினால் அதே நிறத்தில், அதே மாதிரி எழுத்தில் போலி கிளம்பிவிடும். “போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்” என்ற வரி இல்லாத பழைய லேபிள் என் ஆல்பத்தில் குறைவு. மானை யாரும் வரையலாம், ஆனால் இன்னொருவன் தன் முகத்தைப் போட்டு இவர் பெயரைப் போட முடியாதே!

பீடிக்குப் பெயராக எண் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். பெயர் வாயில் நுழையாதவருக்கு எண் சுலபம்.

பெயர்களையும் கவனியுங்கள். லால், சேட் என்று முடிகிற பெயர்கள் நம் பக்கத்து லேபிள்களில் உண்டு. முக்கூடலின் சொக்கலால் ராம்சேட் பீடி ஊரறிந்த பெயர். சொக்கர் மதுரைக்காரர், சேட் என்றால் வடக்கத்தி வியாபாரி. இரண்டும் ஒரே கட்டில் வந்து உட்கார்ந்திருக்கின்றன! பீடி வடக்கிலிருந்து வந்த சரக்கு என்பதால் வடக்கத்தி வாடை அடிக்கும் பெயருக்கு ஒரு மவுசு இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். முக்கூடலில் சொக்கலால் பெயரில் மேல்நிலைப் பள்ளியே இருக்கிறது. லேபிளில் இருந்த பெயர் பள்ளிக்கூட வளைவில் ஏறுவது இந்தப் பக்கத்தில் அதிசயமில்லை.

பிள்ளையார் படம் போட்டதை பாய் வாங்குவார், பிறை போட்டதை பண்ணையார் வாங்குவார். புகைக்கு யாரும் சாமி பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

இதையெல்லாம் எங்கே அச்சடித்தார்கள்?

சிவகாசிப் பெயர்தான் முதலில் வரும். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, 1923இல் ஊரில் தொடங்கினார்கள். தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும், லேபிள் என்றால் அச்சகம் வேண்டும். அந்த அச்சகங்கள் பிறகு பட்டாசு, பீடி, காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று நாட்டுக்கே அச்சடித்தன. வறண்ட காற்று தீக்குச்சி மருந்து காயவும் நல்லது, மை காயவும் நல்லது. சிவகாசியைத் திருநெல்வேலிக் கணக்கில் சேர்க்கலாமா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: 1910இல் ராமநாதபுரம் ஜில்லா பிரிகிற வரை அது திருநெல்வேலி ஜில்லாதான்.

படத்துக்குக் கோவில்பட்டி. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தபடி ஊர் சுற்றிய கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சரஸ்வதியும் காலண்டராகித் தென்னாட்டு வீடுகளின் சுவரில் ஏறினார்கள். காலண்டரின் அடியில் எந்தக் கம்பெனிப் பெயரை அச்சடித்தாலும் சரி, மேலே சாமி சாமிதான். வருஷம் முடிந்ததும் ஆச்சி தேதித் தாளையும் கம்பெனிப் பெயரையும் கத்தரித்துவிட்டுப் படத்தைச் சட்டம் போட்டுவிடுவாள். பீடிக் கம்பெனிக் காலண்டர் முழுசாகக் கிடைக்காததற்கு எங்கள் ஆச்சி மாதிரி ஆயிரம் ஆச்சிகள் காரணம்.

பூதக்கண்ணாடி இருந்தால் ஒரு வேடிக்கை பாருங்கள். கல்லச்சில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக ஏறும். என்னிடம் உள்ள ஒரு ரோஸ் நிற லேபிளில் சிவப்பு ஒரு நூல் அளவு விலகி ஏறியிருக்கிறது. முதலாளியின் உதடு கன்னத்துக்குப் போய்விட்டது. அப்படியும் அது கடைக்கு வந்து விற்றும் இருக்கிறது, மடிப்புத் தடம் தெரிகிறது.

எந்த வருஷத்து லேபிள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தேதி இருக்காது. துப்பறிய வேண்டியதுதான்.

நான் முதலில் பார்ப்பது புகையிலை என்ற சொல்லை. அதன் கடைசி எழுத்தைப் பாருங்கள். இப்போது நாம் ‘லை’ என்று எழுதும்போது முன்னால் தனியாகக் கொம்பு போடுகிறோம். பழைய எழுத்தில் கொம்பு தனியாக இருக்காது, லகரத்தோடு சேர்ந்து யானைத் துதிக்கை மாதிரி வளைந்து நிற்கும். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. துதிக்கை இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் பழைய பிளாக்கைத் தேயத் தேய ஓட்டிய அச்சகக்காரர்கள் அரசாணைக்கெல்லாம் பிளாக்கை மாற்றிவிடவில்லை.

அடுத்தது விலை. அணா என்றால் 1957 ஏப்ரலுக்கு முன். நயா பைசா என்றால் 1957க்கும் 1964க்கும் நடுவே. வெறும் பைசா என்றால் அதற்குப் பின். ‘ரிஜிஸ்டர்டு டிரேட் மார்க்’ என்று பெருமையாகப் போட்டிருந்தால், நாட்டில் வணிகக் குறிப் பதிவுக்கு வழி செய்த 1940ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முகவரிதான் பொக்கிஷம். ‘மதராஸ் ஸ்டேட்’ என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன், மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது அப்போதுதான். 627 என்று தொடங்கும் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்றோ ‘சிதம்பரனார் மாவட்டம்’ என்றோ இருந்தால் இன்னும் நெருங்கிவிடலாம். 1986 அக்டோபரில் திருநெல்வேலி இரண்டாகப் பிரிந்தது, 1997இல் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயர்களை எடுத்துவிட்டார்கள். பதினோரு வருஷத்து ஜன்னல் அது. தென்காசி மாவட்டம் என்றிருந்தால் 2019 நவம்பருக்குப் பிந்தியது. ஒரே தெருவில் இருந்த ஒரே கம்பெனி நகராமல் நின்றபடியே மூன்று மாவட்டத்துப் பெயரை மாற்றிப் போட்டிருக்கும்.

புற்றுநோய் எச்சரிக்கைப் படம் இருந்தால் 2009 மே மாதத்துக்குப் பின். அந்தப் படம் வந்த பிறகு முதலாளி ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டார்.

பீடி சுற்றும் பெண் லேபிளில் ஏன் இல்லை?

இருபது வருஷத் தேடலில் ஒரே ஒரு லேபிளில்கூட மடியில் தட்டோடு உட்கார்ந்த பெண்ணை நான் பார்த்ததில்லை. லட்சுமி உண்டு. குடத்தோடு நிற்கும் அழகி உண்டு. சுற்றியவள் இல்லை.

என் அம்மா சுற்றினாள். காலையில் ஈரச்சாக்கில் பொதிந்து வைத்த இலையை எடுத்து, அளவுத் தகட்டை மேலே வைத்துக் கத்தரியால் வெட்டுவாள். வெட்டின இலையில் ஒரு சிட்டிகைத் தூள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு உருட்டு, தலையை மடக்கி ஒரு குத்து, நூலால் ரெண்டு சுற்று. ஒரு பீடிக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. பேச்சு நிற்காது, ரேடியோ நிற்காது, கை மட்டும் தனி ஆளாக ஓடிக்கொண்டிருக்கும். ஆயிரம் பீடி என்பதுதான் கூலிக் கணக்கு. இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் இடம்தான் பீடிக்கடை. சாயங்காலம் தட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போனால் செக்கர் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார். கொஞ்சம் தளர்ந்தது, கொஞ்சம் குட்டை என்று கழிப்பார். கழித்ததற்குக் கூலி கிடையாது. ஆனால் கழித்த பீடி திரும்பவும் கைக்கு வராது. அம்மா வேலை பார்த்த கம்பெனியில் அந்தக் கழிவு எங்கே போயிற்று என்று கேட்ட ஒரு மைனிக்கு அடுத்த வாரம் இலை குறைத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல் வந்தது. நல நிதிச் சட்டம் 1976இல் வந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, ஆஸ்பத்திரி, வீடு கட்டப் பணம் என்று அதில் பலன் கிடைத்தது, ஆனால் கம்பெனித் தொழிலாளி என்று காட்டும் பாஸ்புக் பெயரில் இருந்தால்தான். பாஸ்புக் ஒருத்தி பெயரில், சுற்றுவது நாலு பேர் என்பது பல வீடுகளில் வழக்கம். பெண் பார்க்க வருகிறவர்கள் “பொண்ணுக்குப் பீடி சுத்தத் தெரியுமா, பாஸ்புக் இருக்கா?” என்று கேட்டதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

சுருட்டு, மூக்குப்பொடி, வெற்றிலைப் புகையிலை விளம்பரங்களும் சேர்க்கிறீர்களா?

கைக்கு வந்தால் விடமாட்டேன். ஆனால் சுருட்டுக்குத் திருச்சியும் திண்டுக்கல்லும்தான் தலைமை. பொடிக்குத் தகர போர்டுகள் அழகானவை, துருப்பிடித்துத்தான் கிடைக்கும். தாம்பூலப் புகையிலையில் யாழ்ப்பாணத்துப் பெயருக்குத் தெற்கே எப்போதும் மதிப்பு. அவையெல்லாம் தனிக் கதை.

இதைச் சேர்ப்பதும் காட்டுவதும் புகைக்கு விளம்பரம் ஆகாதா?

கேட்க வேண்டிய கேள்விதான். புகையிலை விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம் 2003இல் வந்தது, நல்ல சட்டம். பீடி சிகரெட்டைவிட மேல் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். இல்லை. எங்கள் தாத்தா கடைசி நாலு வருஷம் இருமிய இருமலைக் கேட்டவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். புகைக்காத அம்மாவுக்கும் தூள் நெடி போட்ட வீசிங் உண்டு. கடைச் சுவரில் மாட்டுவதற்கென்று அழகுக்காகக் கேட்பவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. ஓட்டல் வைத்திருக்கும் ஒரு நண்பருக்கு இதில் என்மேல் வருத்தம்.

எங்கே கிடைக்கும், எப்படிப் பாதுகாப்பது?

பழைய பேப்பர் கடை, மூடிப்போன பெட்டிக்கடை, இடிக்கப் போகிற மச்சு வீட்டின் பரண். கடைக்காரரிடம் முதலிலேயே ஆசையைக் காட்டிவிடாதீர்கள், விலை ஏறிவிடும்.

லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். ஒரு ஆர்வக்கோளாறில் முப்பது லேபிளை அப்படிக் கெடுத்தவன் சொல்கிறேன். செல்லோ டேப்பும் வேண்டாம், பசை மஞ்சளாக இறங்கிவிடும். வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, வெயில் படாத பீரோவில் வைத்தால் போதும். இராமபாணப் பூச்சிக்குப் பழைய பசை என்றால் உயிர், அதனால் மாதம் ஒருமுறை புரட்டுங்கள்.

ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்?

பழைய அணாக் காலத்து மான் லேபிளைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். அது இல்லை.

பீடிக்கடையில் ஒரு நாள் தூளை அச்சுப் பிழையான லேபிள் தாளில் பொட்டலம் மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வெட்டாத முழுத்தாள், முதலாளி பன்னிரண்டு தடவை மங்கலாக நிற்கிறார். பார்க்க ஒன்றுமில்லை. சிகரெட் அட்டையின் பின்பக்கத்தைச் சொன்னேனே, அங்கே கம்பெனி அச்சடித்தது. இதன் பின்பக்கத்தில் அம்மா பென்சிலால் எழுதியிருக்கிறாள். திங்கள் 800, கழிவு 40. செவ்வாய் 750, கழிவு 25. புதன் என்று போட்டு எண் இல்லை, பக்கத்தில் ‘தம்பிக்குக் காய்ச்சல்’ என்று இருக்கிறது. வியாழன் 1100.

தம்பி நான்தான்.